பத்தேமுக்கால் மணி ராகு காலம்

பூவாணிக்கா டிக்கெட் எடுத்தீய? கண்டக்டர்கிட்டச் சொன்னது காதுல விழுந்துச்சு, அதான் கேட்டேன். இப்படி உள்ளே தள்ளி உக்காருங்க தம்பி, அந்த ஓரம் வெயில் அடிக்கும். என்ன சோலியாப் போறீய? பள்ளிக்கூடத்துக்கா? வாத்தியாராவா? ரொம்ப சந்தோசம். நல்ல ஊருதான். தண்ணி தேங்காத்தண்ணி மாதிரி இருக்கும். மனுசங்கதான் ஒரு மாதிரி.

நான் எப்படிச் சொல்லுதேன்னா, அந்த ஊருக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டரா மூணு வருசம் இருந்தவன். பேரு திரிகூடம். தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டரு ஒரு ஊருக்குள்ள வந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பூவாணியில மட்டும் வெயில்ல நின்னு வயல் அளந்தாலும் ஒரு இளநி வெட்டிக் குடுக்க நாதி கிடையாது. வணக்கம் சொல்லுவான். கேட்ட காயிதத்தைக் குடுப்பான். அம்புட்டுத்தான். எதனாலங்கீய? எல்லாம் எங்க மாமனாரால.

நீங்க போய் இறங்கினதும் உங்ககிட்டயே ஆரம்பிப்பானுவ, கேப்டன் அப்படி, கேப்டன் இப்படின்னு. அவனுவ சொல்லுததுக்கு முந்தி நான் சொல்லிருதேன். ஒரே வீட்டுல கூட இருந்து பார்த்தவன் நான். கேப்டனோட ஒத்தை மக ஆவுடையைக் கட்டினவன். வீட்டோட மாப்பிள்ளைன்னு நினைச்சிராதீங்க. தாலுகா ஆபீசுக்கு அந்த வீடு பக்கம், அதனால அங்ஙன இருந்தேன். அஞ்சு வருசமும் பக்கமாத்தான் இருந்துச்சு.

கேப்டன்னதும் பர்மாவுக்குப் போனாரு, பீரங்கி வெடிச்சாருன்னு நினைப்பீய. பிரமநாயகம் பிள்ளைன்னு பேரு. நாலு தலைமுறையா வரப்புல கால் வைக்காம நெல்லுச் சோறு தின்ன குடும்பம். அப்ப வெள்ளைக்காரன் எங்க தாலுகாவுல ஒரு வாலண்டியர் படை வச்சிருந்தான். நிலபுலன் உள்ளவரு, இங்கிலீசு நாலு வார்த்தை பேசுவாருன்னு இவுகளுக்குக் கேப்டன் பட்டம் குடுத்துட்டான். சனிக்கிழமை சனிக்கிழமை தேரடி மைதானத்துல கூடி, இடது வலது போட்டுட்டு வீட்டுக்குப் போறது. அதனால ஊருல அதுக்குப் பேரே சனிக்கிழமைப் பட்டாளம்.

மொத்தம் அறுபது பேரு. வக்கீல் குமாஸ்தா, காப்பிக் கடைக்காரரு, தட்டாசாரி ரெண்டு பேரு, இப்படி. துப்பாக்கி இருபத்திநாலு. மீதிப் பேருக்கு மூங்கில் கம்பு. பியூகிள் ஊதுததுக்கு ஆள் கிடைக்கலைன்னு கோயில் நாயனக்காரன் சுடலைமுத்துவைப் போட்டிருந்தாக. அவன் ஊதினா பட்டாளம் கிளம்புத மாதிரியா இருக்கும்? சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். தெருவுல பொம்பளைங்க வாசல்ல தண்ணி தெளிச்சு, தேங்காய்த் தட்டோட வந்து நிப்பாக.

மாமாவுக்குக் குதிரை ஏற வராது. வில்வண்டியில போவாரு. யூனிபாரம், தொப்பி, இடுப்புல கத்தி, நெத்தியில பட்டை பட்டையா விபூதி. கத்தி வண்டிக்குள்ள அடங்காது, வெளியே நீட்டிக்கிட்டு வரும். ஒரு நாள் சந்தை வழியா வரும்போது ஒருத்தி தலையில இருந்த கீரைக் கட்டைக் குத்தித் தூக்கிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து பார்த்தா கத்தி முனையில அரைக்கீரை. எங்க மாமியா உலகம்மை இருக்காகளே, அவுக அதை உருவி எடுத்து, "பட்டாளம் இன்னைக்காவது வீட்டுக்கு ஒண்ணு சம்பாதிச்சிட்டு வந்துச்சு"ன்னு சொல்லிக் கடைஞ்சு வச்சுட்டாக.

ஒரே ஒரு தடவை கலெக்டர் துரை முன்னால குறி வச்சுச் சுட்டாக. இருபது குண்டு. பத்தொன்பது மலைக்குப் போச்சு. ஒண்ணு, அங்ஙன மேய்ஞ்சுக்கிட்டிருந்த சபாபதி வாத்தியார் வீட்டு வெள்ளாட்டுக்குப் போச்சு. இவுக என்ன செய்தாகங்கீய? தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாத்தியார் வீட்டு வாசல்ல போய் நின்னு மன்னிப்புக் கேட்டாக. அன்னைக்கு ராத்திரி சோறும் இறங்கலை. ஒரு ஆட்டுக்கு. பட்டாளத்துக்காரன் செய்யுத காரியமா தம்பி இது?

இதையெல்லாம் விடுங்க. பஞ்சாங்கம்னு ஒண்ணு இருக்குல்லா, அதைப் பாக்காம மனுசன் தும்ம மாட்டாரு. சனிக்கிழமை ஒம்பது மணிக்குப் பரேடுன்னு மேலே இருந்து உத்தரவு. ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். இவுக பத்தரைக்குத்தான் வண்டியை விட்டு இறங்குவாக. ஒரு தடவை கலெக்டர் துரை ஒம்பதுக்கே வந்து நின்னுட்டாரு. பத்தரை வரைக்கும் துரையை வேப்பமரத்தடியில உக்காத்தி வச்சு, மோரைக் குடுத்து, ராகுன்னா யாரு, கேதுன்னா யாருன்னு கதை சொல்லிக்கிட்டிருந்தாரு. துரை வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அதுக்குப் பொறவு ஜில்லாவுல எந்த வெள்ளைக்காரன் கூடினாலும் இதுதான் தமாசு. "பிரமநாயகம் யுத்தத்துக்கு வருவாரு, கிரகம் சம்மதிச்சா."

எனக்கு அவமானமா இருக்கும். நான் தாலுகா ஆபீசுல குமாஸ்தா. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேலை ஒண்ணு காலியா இருந்துச்சு. மாமா துரைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுரும். கேட்டா, "நல்ல நேரம் பார்த்துச் சொல்லுதேன் மாப்பிள்ளை"ம்பாரு. ரெண்டு வருசமா அந்த மனுசனுக்கு நல்ல நேரம் வரலை. என்னைக் கண்டா ஆகாதுன்னு சொல்லலை. மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு மரியாதையாத்தான் பேசுவாரு. அதுதான் எனக்கு எரிச்சல்.

நாப்பத்திரண்டு ஆகஸ்டு. அங்ஙன தண்டவாளத்தைப் பேத்தான், இங்ஙன தபாலாபீசுக்குத் தீ வச்சான்னு தினம் ஒரு சேதி. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில தாசில்தாரு என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் குடுத்து, "உம்ம மாமனாருக்கு. ஓடும்"னாரு. ஒட்டின கவர்தான். ஓரம் சரியா ஒட்டலை, அதனால போற வழியில படிச்சேன். பூவாணியில ஒரு வாத்தியாரைக் கைது பண்ணிட்டாங்கன்னு சனம் திரண்டு வந்து, சப் இன்ஸ்பெக்டரை அவரு ஸ்டேசனுக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டு வெளியே உக்காந்திருக்கு. ரிசர்வ் போலீசு வேற ஊருக்குப் போயிருச்சு. பக்கத்துல இருக்குத ஒரே படை நம்ம படை. உடனே புறப்படணும். கூட்டம் கலையலைன்னா சுடணும். இதுதான் உத்தரவு.

எனக்குக் கால் தரையில பாவலை. இதுல மட்டும் மாமா பேரெடுத்துட்டா, நான் கேக்கவே வேண்டாம், துரையே கூப்பிட்டு வேலை குடுப்பாரு.

வீட்டுக்குப் போறேன், மாமா கொல்லையில மாட்டுக்கு உண்ணி எடுத்துக்கிட்டிருக்காரு. கையைக் கழுவிட்டு வந்து நின்னுக்கிட்டே படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. "கூட்டத்துல பொம்பளைங்க உண்டுமா மாப்பிள்ளை?"ன்னாரு.

"உண்டும். ரெண்டாயிரம் பேருக்குக் குறையாதாம். புள்ளைகுட்டியோட வந்து, அங்ஙனயே கஞ்சி காய்ச்சிக் குடிக்காகளாம்."

கடுதாசியை மடிச்சு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள வச்சாரு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாரு. நானும் பார்த்தேன். பத்தேமுக்கால். "இப்ப ராகு காலம். பன்னெண்டு மணிக்கு முடியும். பொறவு பார்ப்போம்"னாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "மாமா, அது வெள்ளிக்கிழமைக்குல்லா. இன்னைக்குச் செவ்வாய். மூணு மணிக்குத்தான் ராகு காலம்"னேன்.

"தெரியும்"னாரு. சொல்லிட்டு, "உலகு, இலையைப் போடு"ன்னு உள்ளே போயிட்டாரு.

அன்னைக்கு வீட்டுல பருப்பு உருண்டைக் குழம்பு. மாமாவுக்கு உசுரு. வேற என்னத்தைச் சொல்ல? நாடே பத்தி எரியுது, கேப்டன் உருண்டையை உடைச்சு நெய் ஊத்திக்கிட்டிருக்காரு. மேல சாப்பிட்டாரான்னா அதுவும் இல்லை, பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. மாமியா என்னவோ கேட்டாக, இவுக என்னவோ சொன்னாக. மாமியா உடனே அடுப்பை அணைச்சிட்டுப் பூசை அறைக்குள்ள போய் உக்காந்துட்டாக.

பன்னெண்டாச்சு. அறுபது பேரும் தேரடியில வந்து நிக்கான். கிளம்புவோம்னா, "பன்னெண்டுலேர்ந்து ஒண்ணரை குளிகை. குளிகையில செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். ஒரு தடவை சுடப் போனா பொறவு தினம் சுட வேண்டியிருக்கும்"னாரு. சரி, குளிகைங்கது வாஸ்தவம், நான் மறுக்கலை. ஒண்ணரை ஆச்சு. "செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். பூவாணி வடக்கேல்லா இருக்கு"ன்னாரு. அதுவும் வாஸ்தவம். பால் குடிச்சிட்டுப் போனா சூலத்துக்குப் பரிகாரம். "அப்ப பாலைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க"ன்னேன்.

அதுக்கு என்ன செய்தாரு கேளுங்க. சுடலைமுத்துவைக் கூப்பிட்டாரு. சைக்கிள்ல பூவாணி வரைக்கும் போய், அந்தக் கைதான வாத்தியார் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கோனார் இருக்காரு, அவரு வீட்டுக் காராம்பசுப் பால்தான் வேணும், வாங்கிட்டு வான்னு அனுப்பினாரு. ஏழு மைல். கொல்லையில மூணு மாடு கட்டிக் கிடக்கு. காலையிலே அதுக்குத்தான் உண்ணி எடுத்தாரு. தம்பி, இந்த மாதிரி ஒரு அறிவு கெட்ட மனுசனை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீயளா? சுடலைமுத்துவும் கூறு கெட்டவன், பித்தளைத் தூக்கை இங்ஙனயே மறந்து வச்சுட்டுப் போயிட்டான்.

அவன் வெறுங்கையோட திரும்பி வரும்போது மூணு அடிச்சிருச்சு. மூணுலேர்ந்து நாலரை அசல் ராகு காலம். அதுக்கு மேல யாரு என்ன சொல்ல முடியும்? நாலரைக்குக் கிளம்பி, நடந்து, பூவாணிக்குப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. ஸ்டேசன் வாசல்ல நாலு அடுப்புக் கல்லும் சாம்பலும்தான் கிடக்கு. ஒரு குருவி இல்லை. சப் இன்ஸ்பெக்டரை அவனுவளே திறந்து விட்டு, கஞ்சியும் குடுத்திருக்கானுவ. அவரு வாசல்ல உக்காந்து விசிறிக்கிட்டிருக்காரு. மாமா அவருக்கு ஒரு சல்யூட் அடிச்சாரு. சுடலைமுத்து ஊதினான். பட்டாளம் திரும்பி நடந்துச்சு.

நீங்க என்ன கேக்க வாரீயன்னு தெரியும். போயிருந்தா எத்தனை பேரு செத்திருப்பான்னுதானே? எல்லாவனும் இதைத்தான் கேக்கான். சனிக்கிழமைப் பட்டாளம் சுட்டா எவனுக்குப் பட்டிருக்கும்? இருபதுல ஒண்ணுதான் பட்டுச்சு, அதுவும் ஆட்டுக்கு. இதை ஆவுடைகிட்டச் சொன்னா, "அந்த ஒண்ணு யாரு வீட்டு ஒண்ணு?"ன்னு கேப்பா. பொம்பளை கிட்ட நியாயம் பேச முடியுமா?

ஒரு மாசம் கழிச்சு விசாரணை. மெட்ராஸ்லேர்ந்து ஒரு மேஜர் துரை வந்து முசாபரி பங்களாவுல உக்காந்திருந்தான். மாமா யூனிபாரத்தைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னு, ராகு காலம், குளிகை, சூலம், எல்லாத்தையும் வரிசையாச் சொன்னாரு. துரைக்குச் சிரிப்புத் தாங்கலை. கலெக்டரும் வேப்பமரத்துக் கதையை எடுத்துவிட்டாரு. "இவனை ஜெயில்ல போட்டா நம்மளைப் பார்த்துத்தான் ஊரு சிரிக்கும். உடுப்பைக் கழட்டிட்டு வீட்டுக்கு அனுப்புவோம்"னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. எனக்கு இங்கிலீசு நல்லா விளங்கும். மாமாவும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, அடி முட்டாள் மாதிரி நிக்காரு.

அப்பத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. கவரை எத்தனை மணிக்குக் குடுத்தீருன்னு ஒரே கேள்வி. பத்தேமுக்கால்னு சொல்லிட்டு நான் வந்திருக்கலாம். ஆனா அந்த மேஜர் என்ன சொன்னாங்கீய? "இந்த மருமகனும் கிரகத்தைப் பார்த்துட்டுத்தான் கவரைக் கொண்டு போயிருப்பான், எல்லாம் ஒரே கூட்டம்"னுட்டுச் சிரிச்சான். எனக்கு ரோசம் வந்திருச்சு. அஞ்சாவது வரைக்கும் படிச்சவனைச் சொன்னாக்கூடப் பரவாயில்லை. நான் எஸ்எஸ்எல்சி. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேலைக்கு என் பேரு மேஜை மேல இருக்கு. நானும் முட்டாள்னு எழுதிட்டுப் போயிட்டான்னா?

"துரை மன்னிக்கணும், சாஸ்திரம் அப்படிக் கண்டமேனிக்குக் கிடையாது"ன்னேன். பையில பஞ்சாங்கம் இருந்துச்சு, எடுத்துப் பிரிச்சுக் காட்டினேன். "செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூணு மணிக்கு. காலையில கிடையாது. நான் அப்பவே கேப்டன்கிட்டச் சொன்னேன்"னேன்.

மேஜர் சிரிப்பை நிறுத்திட்டான். நிமிர்ந்து உக்காந்தான். "அதுக்குக் கேப்டன் என்ன சொன்னாரு?"

"தெரியும்னு சொன்னாரு."

அம்புட்டுத்தான் நான் பேசினது. ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை. மேஜர் அதைத் திரும்பக் கேட்டு எழுதிக்கிட்டான். கலெக்டர் துரை மாமாவைப் பார்த்தாரு. இத்தனை வருசமாப் பழகின ஆளை இப்பத்தான் முதல்ல பார்க்குத மாதிரி பார்த்தாரு. மாமா என்னைப் பார்த்தாரு. கோவமாப் பார்த்தா நான் சொல்லிருவேன். கோவம் இல்லை. வேட்டியில கறை பட்டிருக்குன்னு நம்மகிட்டப் பையச் சொல்ல வாரவரு எப்படிப் பாப்பாரு, அப்படிப் பார்த்தாரு. பொறவு தலையை நிமித்திக்கிட்டாரு. அதுக்கு மேல அவரு முட்டாள் மாதிரி நிக்கலை.

ரெண்டு வருசம் கடுங்காவல். தெரிஞ்சே உத்தரவை மீறினாருன்னு. வேணும்னே செய்தாருன்னு அந்த மேஜர் எப்படிக் கண்டுபிடிச்சானோ, வெள்ளைக்காரன் மூளையே மூளை.

வீட்டுக்கு வந்தா, மாமியா கதவைத் திறந்து விட்டுட்டு உள்ளே போயிட்டாக. ஆவுடை கேட்டா, "அந்த ஒத்தைச் சொல்லை முழுங்கியிருக்கக் கூடாதா?"

"உண்மையை எப்படிட்டி முழுங்குதது?"ன்னேன்.

"எங்க அப்பா முழுங்கலையா?"ன்னா.

இதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கலை. மறு மாசம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உத்தரவு வந்துச்சு. போட்ட இடம் பூவாணி. போடுததுக்கு வேற ஊரே இல்லை பாருங்க அவனுக்கு. அங்ஙனயே வீடு பார்த்துக் குடி போனேன். ஆவுடை வரலை. பொறவு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வந்தா, அதுவும் அவுக அப்பா சொல்லி.

விடுதலையாகி வார அன்னைக்கு நானும் வில்வண்டியைப் பூட்டிக்கிட்டு ஜெயில் வாசலுக்குப் போனேன். பூவாணிக்காரனுவ நாப்பது வண்டி கட்டி வந்து நிக்கான். பொம்பளைங்க, புள்ளைங்க, அந்தக் கோனாரு, எல்லாரும். மாமா வெளியே வந்தாரு. தொப்பையெல்லாம் போயிட்டு, கழுத்து எலும்பு தெரிய, யாரோ மாதிரி இருந்தாரு. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன், இவுக இப்படிக் கேட்டா நான் இப்படிச் சொல்லணும், அப்படித் திட்டினா இப்படித் திருப்பணும்னு. சனத்தையெல்லாம் விலக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தாரு. "வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டாச்சா?"ன்னாரு.

அதுக்குப் பொறவு அஞ்சு வருசம் இருந்தாரு. ஒரு நாள், ஒரு வார்த்தை அந்தப் பேச்சை எடுக்கலை. காப்பி குடிச்சாச்சா, மழை வருமா, புள்ளைக்கு இருமல் விட்டாச்சா, இதுதான். நாலு வார்த்தை நாறக்கேடாத் திட்டியிருந்தா நானும் நாலு சொல்லி, அன்னைக்கே முடிஞ்சு போயிருக்கும். அந்த மனுசன் எனக்கு அதைக்கூடச் செய்யலை. அவரு செத்து இருபத்திரெண்டு வருசமாச்சு. இன்னும் எனக்கு மனசு ஆறலை தம்பி, என் வயித்தெரிச்சலை யாருகிட்டப் போய்ச் சொல்ல?

அந்தா, ஆத்துப் பாலம் வந்திருச்சு. இனிமே பூவாணிதான். இன்னைக்கு அவரு திதி. வருசா வருசம் ஊரே கூடிச் செய்யுதான். பெரிய பந்தி. முன்னால லேடீஸ் சீட்டுல, மாம்பழக் கலர்ச் சேலை கட்டி, மடியில பூக்கூடை வச்சிருக்காள்லா, அதுதான் ஆவுடை. ஒண்ணாத்தான் வீட்டுல இருந்து கிளம்புவோம். வண்டியில அவ முன்னால, நான் பின்னால. நீங்க இறங்கினதும் அவ பின்னாலயே போங்க. கேப்டன் மகளாச்சேன்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவானுவ, உங்களையும் உக்காத்திச் சோறு போடுவானுவ. கூச்சப்படாம நல்லாச் சாப்பிடுங்க.

நானா? நான் இறங்க மாட்டேன். வண்டி இங்ஙன அரை மணி நேரம் நிக்கும், பொறவு திரும்பும். இதுலயே உக்காந்து போயிருவேன். அவ சாயங்கால வண்டிக்கு வருவா. ஒரு வருசம் இறங்கிப் பார்த்தேன். படியை விட்டு ஒரு காலைத் தரையில வச்சேன். அம்புட்டுச் சனமும் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லிரலை தம்பி. போன்னும் சொல்லலை, வாங்கன்னும் சொல்லலை. காலை எடுத்து உள்ளே வச்சுக்கிட்டேன்.